வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறீர்களா? நிறைமாதம் தொடங்கி 42ஆம் நாள் வரை நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டியதெல்லாம்

வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற வண்டியை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். பின் சீட்டில் சித்திரான்னத் தூக்கு, முறுக்குச் சம்படம், இரண்டு பை நிறையப் புடவை. பெண்ணின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். எல்லாம் வண்டியில் ஏறியிருக்கும், ஒன்றைத் தவிர. சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டு பீரோவிலேயே கிடக்கும்.

ஏழு மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பார்த்துவந்த நர்ஸுக்குப் பெண் எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியாது. பாபநாசம் பக்கம் இருக்கிற நர்ஸுக்கு இப்படி ஒரு பெண் வந்திருப்பதே தெரியாது. அடிக்கடி கை வைத்துப் பார்க்க வேண்டிய கடைசி மூன்று மாதம் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. இரண்டு பிள்ளை பெற்றவள், நாத்தனாரின் பிரசவத்துக்குத் துணைக்கு இருந்தவள் என்ற முறையில், எதை எப்போது யாரிடம் காட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யாரிடம் போவது

பாட்டி காலத்தில் ஊர் மருத்துவச்சி வீட்டுக்கே வந்தார். இன்று அந்த வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. ஊருக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார். பதிவு, மாத்திரை, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வருவது எல்லாம் அவர்தான். அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையம். பெரும்பாலான இடங்களில் இரவும் பகலும் பணியில் செவிலியர் இருப்பார், சுகப்பிரசவம் அங்கேயே பார்ப்பார்கள். மூன்றாவது, ஆபரேஷனும் ரத்தமும் சிறப்பு மருத்துவரும் எந்த நேரமும் கிடைக்கிற பெரிய மருத்துவமனை. நர்ஸுகள் அதைச் சுருக்கமாக ‘சீமாங்க் சென்டர்’ என்பார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பிரசவம் என்றாலே ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிதான். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று அவரவர் பக்கத்தில் பெரிய அரசு மருத்துவமனை உண்டு. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மருத்துவக் கல்லூரிகளே வந்துவிட்டன.

அம்மா வீட்டிலிருந்து இந்த மூன்றும் எவ்வளவு தூரம் என்று போன முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: அட்டையை மாற்றிக்கொள்வது

அட்டையில் 12 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். பிக்மி எண் என்பார்கள். பரிசோதனை, பிரசவம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இந்த எண்ணில்தான் ஏறும். அந்தப் பக்கத்தை இரண்டு பேருடைய போனில் படம் பிடித்து வையுங்கள்.

கிளம்பும் முன் கணவர் ஊர் நர்ஸுக்கு ஒரு போன் போட்டு, “இன்ன ஊருக்குப் போகிறேன், இன்ன சுகாதார நிலையம்” என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் நர்ஸைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாவிட்டால் பணத்திலும் இடிக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பரிசோதனை பதிவாகாமல் விட்டுப்போனால் தவணை நிற்கும். அப்புறம் கைக்குழந்தையோடு இரண்டு ஊருக்கும் அலைய வேண்டும். (1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது நம் பக்கத்துப் புதுக்கோட்டையில்.)

ஒரு மஞ்சப்பையில் அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, ஆதார், பாஸ்புக் நகல், சாப்பிடுகிற மாத்திரைகள். வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரசவ தேதியைச் சரியாகச் சொல்வது அதுதான், ஒன்பதாம் மாத ஸ்கேன் இல்லை.

படி 2: எத்தனை முறை போவது

28 வாரம் வரை மாதம் ஒரு தடவை, 36 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வாரா வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள் செவ்வாய். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று நல்ல காரியத்துக்கு அந்த நாளை ஒதுக்குகிற பாட்டிகள் இதற்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை, பேத்தியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மாதா மாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் ஏற்பாடு 2016இலிருந்து இருக்கிறது. தனியார் மருத்துவரிடம் காட்டுகிறவர்களும் அன்றைக்குப் போகலாம்.

படி 3: பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்

கட்டிலில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அளவு தப்பும். அனுபவப்பட்ட நர்ஸ் என்றால் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் வயிற்றின் மேற்பக்கம் வைப்பார். மெத்தென்று இருந்தால் குழந்தையின் பிட்டம். உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் தலை, அதாவது தலை மேலே இருக்கிறது என்று அர்த்தம். கை பக்கவாட்டில் இறங்கும். ஒரு பக்கம் வழுவழுவென்று நீளமாக முதுகு, மறுபக்கம் சின்னச் சின்ன முண்டாகக் கை கால். கடைசியில் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் தலை இன்னும் இறங்கவில்லை, ஆடாவிட்டால் இடுப்பெலும்புக்குள் பொருந்திவிட்டது. “வயிறு இறங்கிடுச்சு, நாள் கிட்ட வந்துடுச்சு” என்று பாட்டி வாசலில் நின்றபடியே சொல்வாரே, அதையேதான் இவர் விரலால் பார்க்கிறார்.

அப்புறம் இன்ச் டேப். மர்ம உறுப்புக்கு மேலுள்ள எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால் ஸ்கேனுக்கு எழுதுவார். பிறகு முதுகு இருக்கும் பக்கத்தில் கருவியை வைத்து இதயத் துடிப்பு. தூரத்தில் ரைஸ் மில் பெல்ட் ஓடுவது போல இருக்கும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரி.

பி.பி. விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சு வாங்க நேராகப் போய்க் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பிறகு பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் மறுபடி பார்ப்பார்கள், சிறுநீரில் உப்பு, அதாவது ஆல்புமின் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். என் முதல் பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் கால் வீங்கியபோது, “நிறைமாசத்துல வீங்கறது சகஜம்தான்” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சகஜம்தான். ஆனால் காலையில் எழுந்தபோது முகமும் உப்பியிருந்தது, மோதிரம் கழற்ற வரவில்லை. நர்ஸம்மா பி.பி. பார்த்தார், 150/100. அன்றைக்கே தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். எனக்குத் தலைவலிகூடக் கிடையாது. பி.பி. ஏறுவது உடம்புக்குத் தெரியாது, பட்டைக்குத்தான் தெரியும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். 7க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட்டால் இரும்பு ஒட்டாது. ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின், இன்னொன்று இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரையோடு டீ, காபி கூடாது, எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் அநேகம். அது மாத்திரையின் நிறம்தான்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளூக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 வந்தாலே கர்ப்பகால சர்க்கரை. 24லிருந்து 28 வாரத்துக்குள் இந்தச் சோதனை விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் போட வேண்டிய ஊசியைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள்.

எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி: தலை கீழே இருக்கிறதா? வளர்ச்சி வாரத்துக்குச் சரியாக இருக்கிறதா? எனக்குப் பிரசவம் இங்கேயே பார்க்கலாமா, பெரிய ஆஸ்பத்திரியா? 36 வாரத்திலும் தலை மேலே இருந்தாலோ, முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, பி.பி., சர்க்கரை, ரத்தசோகை இருந்தாலோ, மூன்றாம் கேள்விக்குப் பதில் வலி வருமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: தேதி பார்க்காமல் ஓட வேண்டிய நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குழந்தையின் அசைவு. “மாசம் ஏற ஏற இடம் பத்தாது, அசைவு குறையும்” என்று சொல்வார்கள். தவறு. உதைக்கிற விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. சந்தேகம் வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மற்றவை:
- தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகம் வீங்குவது, வலிப்பு
- ரத்தம் படுவது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்
- பனிக்குடம் உடைவது. வலி வரட்டும் என்று வீட்டில் இருக்கக் கூடாது. சுத்தமான துணி வைத்து, நேரத்தைக் குறித்து, நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, இன்னும் அவசரம்
- காய்ச்சல், மூச்சுத் திணறல், உள்ளங்காலும் உள்ளங்கையும் விடாமல் அரிப்பது
- 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு வலி
- சொன்ன தேதி தாண்டியும் வலி இல்லாமல் இருப்பது. 41 வாரம் வரை வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது

நாத்தனாருக்கு அசைவு குறைந்தது ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு. ஓர் ஆஸ்பத்திரி வாசலிலேயே, “காலையில ஓ.பி.க்கு வாங்க” என்று திருப்பப் பார்த்தார்கள். சொன்னவர் வாசலில் நிற்கிறவர், நர்ஸ்கூட இல்லை. “செக்கப்புக்கு வரல. குழந்தை அசைவு குறைஞ்சிருக்கு, லேபர் வார்டு நர்ஸைப் பார்க்கணும்” என்று மாமியார் குரலை உயர்த்திய பிறகுதான் வழி விட்டார்கள். உள்ளே இருபது நிமிடம் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். ஆகவே இந்தச் சொற்களைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: எத்தனை வாரம், என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. “ஒரு மாதிரியா இருக்கு” என்றால் உங்களைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்று நாலு தடவை திருப்பி அனுப்பினாலும் ஐந்தாம் தடவையும் போகலாம், அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: சூட்டு வலியா, பிள்ளை வலியா

சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்து, வலி நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் நிஜ வலி என்பது நம் வீட்டுப் பரிசோதனை. கஷாயத்தால் கெடுதல் இல்லை, கஷாயத்துக்காகக் காத்திருப்பதில்தான் கெடுதல். கடிகாரத்தைப் பாருங்கள். இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே, நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல் வந்தால் நிஜ வலி. தலைச்சன் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரும்போது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அவ்வளவு நேரம் தராது. சளி போல ரத்தக் கோட்டோடு பட்டால் கருப்பை வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறது.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் தருகிற விளக்கெண்ணெய் வயிற்றில் தடவுவதற்கு. தாராளமாகத் தடவுங்கள். வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்க வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

படி 6: வண்டி

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரியும்தானே. காவிரியில் வெள்ளம், அக்கரையிலிருந்து அம்மா வர முடியவில்லை, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். நமக்கு 108தான். கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கோயில், பாலம், டீக்கடை ஏதாவது ஓர் அடையாளம் சொல்லுங்கள். கொள்ளிடக் கரைப் படுகை ஊர்களிலும், மழை வந்தால் ரோடு முழுகுகிற கிராமங்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் தேதி இருந்தால், புயல் அறிவிப்பு வரும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது விழுந்த மரங்களை அறுத்துத்தான் பல ஊர்களுக்கு வழி கிடைத்தது. நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே அழைத்து வந்து தங்கவைப்பார்கள். நர்ஸிடம் பெயர் கொடுத்திருந்தால்தான் அந்தப் பட்டியலில் நீங்கள் இருப்பீர்கள்.

படி 7: பிரசவ வார்டில் முதல் அரைமணி

மறுபடி அதே பரிசோதனைதான், வேகமாக நடக்கும்: பி.பி., நாடி, காய்ச்சல், வயிறு, குழந்தைத் துடிப்பு. பிறகு உள்பரிசோதனை. “இரண்டு விரல் திறந்திருக்கு” என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, நடக்கச் சொல்வார்கள். வீடு தூரம் என்றால் அதைச் சொல்லுங்கள், திருப்பி அனுப்ப மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம். பிள்ளை பெற்ற அனுபவமுள்ள, பதறாத ஒருவரை அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அம்மாவை விட்டுவிட்டுச் சித்தியை அனுப்பினோம்.

குளூக்கோஸ் ஏற்றும்போது கண்ணாடி வளையல் இடைஞ்சல். வீட்டிலேயே கழற்றிவிட்டால் நல்லது. வளைகாப்பு வளையல்களைப் பிரசவம் பார்த்தவருக்கே கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது அழகான பழக்கம். ஆனால் ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடுவது எல்லாமே இலவசம். 104இல் புகார் சொல்லலாம்.

படி 8: பிறந்த பிறகு முதல் இரண்டு நாள்

குழந்தை வந்ததும் எல்லோருடைய கண்ணும் அதன் மேல் போய்விடும். அந்த நேரத்தில் தாயின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் நர்ஸ்தான். கருப்பை சுருங்கிக் கல் போல இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொழகொழவென்று இருந்தால் ரத்தம் கொட்டும். சுகப்பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் போவது ஆபத்தான கணக்கு. முதல் சில மணி நேரம் துணைக்கு இருப்பவர் துணியை அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுசாக நனைந்தால் உடனே கூப்பிடுங்கள்.

குழந்தையை ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். முதலில் வருகிற மஞ்சள் பால் சீம்பால், பிழிந்து கொட்டுவதற்கில்லை. பெரியவர் ஒருவர் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு ‘சேனை வைக்க’ வருவார். எங்கள் தாத்தாவிடம், “நெத்தியில தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க தாத்தா” என்று சொல்லித் தப்பித்தோம். பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி, நான்கும் அட்டையில் ஏறியிருக்கிறதா பாருங்கள். சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். நல்ல நேரம் பார்த்து ஒரு நாள் முன்பே கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்குப் போக 102 வண்டி இருக்கிறது.

படி 9: வீட்டில், 42ஆம் நாள் வரை

3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு இடையிடையே, கடைசியாக 42ஆம் நாள் என்று பார்வை இருக்கும். தீட்டு வீடு என்று நர்ஸைத் திண்ணையோடு நிறுத்தி, “நல்லா இருக்காங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். அவர் உள்ளே வந்து தையலையும் மார்பையும் பார்க்க வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் பி.பி. ஏறும். காய்ச்சல், நாற்றமடிக்கிற போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மார்பு சிவந்து கல் கட்டுவது, விடாத தலைவலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அவர் வருகிற நாள் வரை காத்திருக்கக் கூடாது.

பத்தியத்தில் பூண்டு, கருவாட்டுக் குழம்பு, நாகப்பட்டினப் பக்கத்துப் பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைப்பதுதான் கொடுமை. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும்.

குழந்தையின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ ஆஸ்பத்திரி. இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று நாளைக் கடத்தாதீர்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப்போவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது, எல்லாம் அதே நாளில் காட்ட வேண்டியவை. தொப்புளில் ஒன்றும் வைக்க வேண்டாம், வசம்பும் சாம்பலும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூக்கில் எண்ணெய் விடுவதையும் குளிப்பாட்டுகிற பாட்டியிடம் நயமாகச் சொல்லி நிறுத்துங்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அழுகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் நர்ஸிடம் அதையே சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அப்போதே பேசுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் அவளைத் தனியாக விடாமல் இருங்கள்.

படி 10: கடைசிச் சில வேலைகள்

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள். குழந்தைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் பதிவு ஆகும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 42ஆம் நாள் பரிசோதனையில் தையல், ரத்தசோகை, பி.பி. பார்ப்பதோடு, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றியும் கேட்பார்கள். மாமியார் எதிரில் பேசக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேசக் கேளுங்கள்.

குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியும் ஏறக்குறைய அதே சமயத்தில் வருகிறது. தடுப்பூசி நாள் புதன். இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது இங்கே இருக்கிற நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஊசி அந்த ஊரில், அட்டை அதே மஞ்சப்பையில்.